செந்நிறம் முதுமைக்குச் சான்றாகுமா?

அண்மைக் காலமாக எமது தமிழ் மேடைகளில் ஒரு புதிய வாதம் உலவி வருகின்றது. 2021 டிசெம்பர் 25-ஆம் நாள் விண்ணுக்கு ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி, பிரபஞ்சத்தின் விளிம்பில் இருத்தற்கியலாத முதிய உடுமண்டலங்களைக் கண்டுவிட்டதாம்; அதனாற் பெருவெடிப்புக் கொள்கை பொய்யாகிவிட்டதாம்; மேனாட்டு விஞ்ஞானம் தலைகுனிந்து நிற்க, அண்டங்கள் அநாதியானவை என்ற எம் முன்னோர் கூற்று வென்றுவிட்டதாம். இவ்வாறு முழங்கிய ஒருவருக்கு மண்டபம் நிறைந்த மாணவர் கரகோஷம் செய்ததை யான் நேரிற் கண்டேன். கைதட்டியோருள் யானும் ஒருவன் என்பதை மறைக்க விரும்பவில்லை. விடுதிக்கு மீண்ட பின்னர் மனத்தில் எழுந்த ஒரு வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அந்த உடுமண்டலங்கள் முதியவை என்பதை எவ்வாறு அறிந்தனர்? பேச்சாளர் அதனைச் சொல்லவில்லை. கைதட்டிய நாமும் கேட்கவில்லை.

கலைப்பீட மாணவனுக்கு வானியலில் என்ன அலுவல் என வினவுவார் உளர். அவர்களுக்கு யான் கூறக்கூடிய விடை எனது ஊரிலேயே இருக்கின்றது. திருகோணமலைக்கு வடக்கே, கடலோரமாக அமைந்தது திரியாய்க் கிராமம். அதன் அருகே கிரிகண்டி சைத்தியம் எனப்படும் பௌத்தத் தூபி அமைந்த குன்றின் பாறையில் வடமொழிக் கல்வெட்டொன்று பொறிக்கப்பட்டுள்ளது. அது 7-ஆம், 8-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது என அறிஞர் கொள்வர். அம்முடிவுக்கு அவர்கள் வந்தது பாறையின் கருமையைப் பார்த்தன்று. மழையும் வெயிலும் புகையும் சேர்ந்தால் நேற்று உடைத்த கல்லும் சில தலைமுறைகளிற் கறுத்துவிடும். பல்லவ கிரந்தத்தை ஒத்த அதன் எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே காலம் கணித்தனர். எழுத்தும் சிலவேளை ஏமாற்றலாம். ஆயினும் அதனைக் காலம் தெரிந்த பிற எழுத்துக்களோடு ஒப்பிட்டுச் சோதிக்க இயலும். கல்லின் நிறத்தை அவ்வாறு சோதிக்க இயலாது. சாசனவியல் கற்கும் மாணவர் முதல் வகுப்பிலேயே அறிந்துகொள்ளும் இவ்வுண்மையே வானியலிற் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடைபெறும் ஒரு பெரும் விவாதத்தின் அச்சாணியாகவும் உள்ளது.

அவ்விவாதம் யாது எனச் சுருக்கமாகக் காண்போம். கோடானுகோடி விண்மீன்களின் தொகுதி உடுமண்டலம் எனப்படும். எமது பால்வீதி அவற்றுள் ஒன்று. பால்வீதி சுருள் வடிவினது. அதில் இன்றும் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. நீள்வளைய உடுமண்டலங்கள் எனப்படும் வேறொரு வகையினவும் உள. கன்னி இராசித் திசையில் ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மெசியே 87 அவ்வகையுட் பெயர் பெற்றது. இவற்றிற் புது விண்மீனைப் பிறப்பிக்கக்கூடிய குளிர்ந்த வாயு மிக அருகிவிட்டது. பிறப்பு ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. பெருந்திணிவுடைய நீல விண்மீன்கள் தம் எரிபொருளை விரைந்து செலவிட்டுச் சில கோடி ஆண்டுகளுள் அழிவன. சூரியனை ஒத்தவை ஏறத்தாழ 1000 கோடி ஆண்டு வாழ்வன; அதனினுஞ் சிறியவை அதற்கும் மேலாக வாழ்வன. எனவே பிறப்பு ஓய்ந்த மண்டலத்தில் முதலில் நீலம் மறையும். மஞ்சளும் சிவப்புமே எஞ்சும். இதனாலேயே நீள்வளைய உடுமண்டலங்கள் செந்நிறம் பூண்டு நிற்கின்றன.

தொலைவிலுள்ளவற்றுக்கு இன்னொரு செம்மையும் சேரும். பிரபஞ்சம் விரிவடைவதால், வழியில் வரும் ஒளியின் அலைநீளமும் நீள்கின்றது. இதனைச் செம்பெயர்ச்சி என்பர். செம்பெயர்ச்சி 1.5 எனின் அலைநீளம் இரண்டரை மடங்காகும். முதிய விண்மீன்களின் ஒளி 0.4 மைக்கிரோமீற்றருக்குக் குறைந்த அலைநீளங்களிற் சடுதியாகக் குன்றிவிடும். அவ்வெல்லை இரண்டரை மடங்கு பெயர்ந்து 1 மைக்கிரோமீற்றரை அடையுமாயின், அவ்வுடுமண்டலம் கட்புலனாகும் ஒளியில் ஏறக்குறைய இருண்டும், கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர்களிற் பிரகாசித்தும் தோன்றும். ஆகவே மிகச் சிவந்த தொலைதூரப் பொருளொன்றைக் கண்டதும், 'இதோ மிக முற்காலத்திலேயே உருவாகி முதிர்ந்துவிட்ட நீள்வளைய உடுமண்டலம்' எனக் கூறத் தோன்றுவது இயல்பே.

ஆயின் செம்மைக்கு வேறொரு காரணமும் உண்டு. எமது கரையில் நின்று பூரணைச் சந்திரன் கடலிலிருந்து எழுவதைப் பார்ப்போர், அது செம்புத் தட்டுப் போலச் சிவந்திருப்பதை அறிவர். ஒரு மணி நேரங் கழித்து அதே நிலவு வெண்மையாகிவிடும். அடிவானத்தில் நின்றபோது அது முதுமை எய்தியிருந்து பின்னர் இளமை பெற்றதா? அடர்ந்த காற்றும் அதிலுள்ள துகள்களும் நீலத்தைச் சிதறடித்துச் சிவப்பை மட்டும் எம்மிடம் வரவிட்டன. உடுமண்டலங்களிலும் இவ்வாறே நிகழும். விண்மீன்கள் மிகுதியாகப் பிறக்கும் இடத்திலே தூசும் மிகுதியாக இருக்கும். அத்தூசு நீல ஒளியை விழுங்கிவிடும். எனவே பிறப்பு ஓய்ந்த முதிய உடுமண்டலமும், பிறப்புப் பெருகித் தூசு மூடிய இளைய உடுமண்டலமும் வெளித்தோற்றத்தில் ஒரே சிவப்பாகவே காணப்படும். முதுமையின் எல்லையும் இளமையின் எல்லையும் ஒரே வேடத்தில் வந்து நின்றால், வேடத்தை நம்புவது எங்ஙனம்?

இவ்வினா கற்பனையன்று. 1988-இல் றிச்சட் எல்ஸ்ரன், ஜோர்ஜ் ரீக்கி, மார்சியா ரீக்கி ஆகியோர் செங்கீழ்க் கதிரில் வானத்தை ஆராய்ந்தபோது இத்தகைய மிகச் சிவந்த பொருள்களைக் கண்டனர். 1994-இல் எஸ்தர் ஹூ, சுசான் றிட்ஜ்வே என்போர் மேலும் இரண்டினைக் கண்டனர். அவற்றுள் எச்.ஆர். 10 எனப் பெயரிடப்பட்டதன் நிறம் தொலைதூர நீள்வளைய உடுமண்டலத்தின் நிறத்தோடு பொருந்தியது. ஆனால் 1996-இல் ஜேம்ஸ் கிரகாம், அர்ஜுன் டே ஆகியோர் அதன் நிறமாலையைப் பதிந்தபோது, விண்மீன் பிறப்பைக் காட்டும் ஐதரசனின் ஒளிக்கோடு தென்பட்டது. தூசு விழுங்கிய ஒளி வெப்பமாக வெளிவருவதையும் 1998-இல் அளந்தனர். முதியவர் எனக் கருதப்பட்டவர், ஆண்டொன்றுக்கு நூற்றுக்கணக்கான சூரியன்களை ஈன்றுகொண்டிருந்த இளையவரே என்பது புலனாயிற்று.

அதே 1996-இல் இதற்கு மறுதலையான செய்தியும் வந்தது. ஜேம்ஸ் டன்லொப்பும் அவருடன் உழைத்தோரும், ஹவாய்த் தீவிலுள்ள 10 மீற்றர் கெக் தொலைகாட்டியினால் 53டபிள்யூ091 என்ற செந்நிற வானொலி உடுமண்டலத்தை ஆராய்ந்தனர். நிறமாலையிற் பதிந்த கோடுகளைக் கொண்டு அதன் விண்மீன்களின் வயது ஏறத்தாழ 350 கோடி ஆண்டு என்றனர். சடப்பொருள் ஒன்றே நிறைந்த பிரபஞ்சம் என அன்று பலர் கொண்டிருந்த கணக்கின்படி, அவ்வொளி புறப்பட்ட காலத்திற் பிரபஞ்சத்துக்கே அவ்வளவு வயது இருத்தல் அரிது. வேறு சிலர் அதே நிறமாலையை ஆராய்ந்து 150 முதல் 200 கோடி ஆண்டே போதும் என வாதிட்டனர். 1998-இல் விண்மீன் வெடிப்புக்களை அளந்த இரு குழுவினர், பிரபஞ்சத்தின் விரிவு வேகமடைந்து வருவதைக் கண்டறிந்தனர். திருத்திய கணக்கின்படி அவ்வொளி புறப்பட்டபோது பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 410 கோடி ஆண்டு. பிள்ளை தாயினும் மூத்ததாகத் தோன்றியபோது அவர்கள் பிறப்பையே மறுத்துவிடவில்லை. பிள்ளையின் வயதையும் தாயின் வயதையும் தனித்தனியே மீள அளந்தனர் என்பது கருதற்பாலது.

2002-இல் அந்திரேயா சிமாற்றியும் குழுவினரும் மிகச் சிவந்த பொருள்கள் பலவற்றின் நிறமாலைகளைத் தொகுத்து வெளியிட்டனர். இனங்காணப்பட்டவற்றுள் முதியவையும் தூசு மூடியவையும் ஏறக்குறையச் சமபாதியாக இருந்தன. நிறத்தை மட்டும் நம்பியவன் நாணயத்தைச் சுண்டி விடை கூறியவனுக்கு எவ்வகையிலும் மேம்பட்டவனல்லன் என்பதே இதன் பொருள்.

நிறம் பொய்க்குமாயின் எதனை நம்புவது? பாறைக்கு எழுத்து எவ்வாறோ, ஒளிக்கு நிறமாலைக் கோடுகள் அவ்வாறே. திரியாய்க்கு வடக்கேயுள்ள புல்மோட்டைக் கரையின் கரிய மணல் எம்மவர்க்கு நன்கு தெரிந்தது. அம்மணலிலுள்ள இல்மனைற்று, இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிப்பொருளாகும். அதே தைத்தேனியம் ஒட்சிசனோடு கூடிக் குளிர்ந்த செவ்விண்மீன்களின் புறப்படையில் மூலக்கூறாக நின்று, அவற்றின் ஒளியில் அகன்ற இருண்ட பட்டைகளை வரைகின்றது. நீள்வளைய உடுமண்டலங்களின் நிறமாலைகளிலும் அப்பட்டைகள் உண்டு. தூசு ஒளியை மங்கச் செய்யுமேயன்றி இவ்வாறு எழுதமாட்டாது. மேலும், மகனீசியம் பெருந்திணிவுடைய விண்மீன்கள் வெடிக்கும்போது சில கோடி ஆண்டுகளுள் வெளிப்படுவது. இரும்பின் பெரும்பகுதியோ வெண்குள்ள விண்மீன்களின் வெடிப்பினால் காலந்தாழ்த்தியே வெளிப்படுவது. பெரிய நீள்வளைய உடுமண்டலங்களில் இரும்பை நோக்க மகனீசியம் சூரியனிற் காணப்படும் விகிதத்திலும் மிகுந்துள்ளது. இரும்பு வந்து கலக்குமுன்பே விண்மீன் பிறப்பு முடிந்துவிட்டது என்பதே இதன் கருத்து. நீள்வளைய உடுமண்டலங்கள் முற்காலத்தில் ஒரே வீச்சில் உருவாயினவா, அன்றிச் சிறியவை பல காலப்போக்கில் மோதி இணைந்து உருவாயினவா என 1970-கள் தொட்டு நடந்த வாதத்திற்கு இக்கோடுகள் தெளிவூட்டின. விண்மீன்கள் பிறந்த காலம் வேறு, அவை ஒரு மண்டலமாகத் திரண்ட காலம் வேறாகலாம் என்ற நுட்பமும் இதனாற் புலப்பட்டது.

இனி, எமது மேடைப் பேச்சாளரின் வாதத்திற்கு வருவோம். 2023 பெப்ரவரியில் இவோ லபேயும் குழுவினரும், பெருவெடிப்பின் பின் 50 முதல் 70 கோடி ஆண்டுக் காலத்துக்குரியனபோற் காணப்பட்ட ஆறு செந்நிற உடுமண்டலங்களைப் பற்றி எழுதினர். சூரியனின் திணிவைப் போல் 1000 கோடி மடங்குக்கு மேற்பட்டவை அவை எனக் கணித்தனர்; ஒன்று ஏறத்தாழ 10,000 கோடி மடங்கு. அத்துணை விரைவில் அத்துணை விண்மீன்கள் உருவாதல் அரிது. ஆயினும் நிறத்தைக் கொண்டே கணித்தமையால், அவற்றை உறுதி செய்யப்படாத வேட்பாளர்களாகவே அவர்கள் அறிவித்தனர். அவ்வாண்டிலேயே அவற்றுள் ஒன்றின் நிறமாலை பெறப்பட்டது. அது கருதப்பட்டதிலும் அண்மையில், செம்பெயர்ச்சி 5.6 அளவிலேயே இருந்தது. அதன் ஒளியிற் கருந்துளையொன்றைச் சூழ்ந்து சுழலும் வாயுவின் அடையாளமும் காணப்பட்டது. ஆராய்ச்சியாளர் 'வேட்பாளர்' என்றதை எம்மவர் 'வெற்றியாளர்' என மொழிபெயர்த்துக் கொண்டாடினர்.

இதனால் வியப்பே இல்லை என யான் கூறவில்லை. அவ்வாறு கூறுவதும் நேர்மையாகாது. ஆடம் கார்னலும் குழுவினரும் 2023-இல் வெளியிட்ட ஜி.எஸ். 9209 பற்றிய ஆய்வில் நிறமாலையே சான்று பகர்கின்றது. பிரபஞ்சத்தின் வயது 125 கோடி ஆண்டாக இருந்தபோதே, ஏறத்தாழ 4000 கோடி சூரியத் திணிவுடைய அம்மண்டலத்தில் விண்மீன் பிறப்பு ஓய்ந்துவிட்டது. 2025-இல் வெளியான மற்றோர் ஆய்வு, பிரபஞ்சத்தின் வயது 70 கோடி ஆண்டாக இருந்தபோதே ஓய்ந்துவிட்ட ஒன்றைக் காட்டியது. இத்தனை முற்காலத்தில் இத்தகையவை இவ்வளவு இருக்கும் எனக் கணினி மாதிரிகள் எதிர்பார்க்கவில்லை. வாயு விண்மீனாகும் வேகம் பற்றியும், அப்பிறப்பை நிறுத்தும் காரணம் பற்றியும் எமக்கிருந்த அறிவு குறையுடையது என்பதை இவை காட்டுகின்றன. பெருவெடிப்பை இவை மறுக்கின்றனவா? உடுமண்டலங்கள் அநாதியாயின், தொலைவில் 1000 கோடி ஆண்டு முதிர்ந்தனவும் தென்படல் வேண்டும். ஜி.எஸ். 9209-இன் விண்மீன்களோ பெருவெடிப்பின் பின் 60 முதல் 80 கோடி ஆண்டுக் காலத்திற் பிறந்தவை. எம்மை மிக வியக்கவைத்த பிள்ளையும் தாயினும் இளையதாகவே இருக்கின்றது. பேச்சாளர் தமது சான்று எனக் காட்டியதே அவருக்கு எதிர்ச் சாட்சியாக நிற்கின்றது.

'எம் முன்னோர் அன்றே சொன்னார்' என்னும் கூற்றை அடுத்து நோக்குவோம். இவ்விடத்து வழக்கமாக எடுத்துக்காட்டப்படுவது திருவாசகத்துத் திருவண்டப் பகுதி. அப்பகுதியின் கற்பனை வீச்சில் ஈடுபடாத தமிழ் மாணவன் இரான். எண்ணிறந்த அண்டங்களையும் அணுவாக்கும் இறைவனின் பெருமையை உணர்த்துதல் மணிவாசகரின் நோக்கம். உடுமண்டலங்களின் தொகையைக் கணக்கிடுதல் அவர் நோக்கமன்று. அளவிட முனையாத ஒருவரை அளந்தவராகக் காட்டுவது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. அவர் தந்த கவிதையை விட்டு, தராத கணக்கைப் போற்றுகின்றோம். நாளை அக்கணக்கு மாறினால் அவரையும் சேர்த்தே தோற்கடிப்போம்.

தமிழர் பெருமை கொள்ளவேண்டுமெனின் அதற்கும் இடமுண்டு. கோயம்புத்தூரிற் பிறந்த பிரியம்வதா நடராஜன், பேரளவு வாயு நேரடியாகக் குலைந்து விழுந்து தொடக்கத்திலேயே பெருங் கருந்துளைகள் உருவாகலாம் என்ற கருத்தை 2006-இல் கியூசெப்பே லொடாற்றோவுடன் ஆராய்ந்தார். அத்தகையவை வெப் தொலைகாட்டியில் எவ்வாறு தோன்றும் என்பதை 2017-இலேயே, அத்தொலைகாட்டி ஏவப்படுமுன், ஏனையோருடன் சேர்ந்து எழுதிவைத்தார். பெருவெடிப்பின் பின் ஏறத்தாழ 47 கோடி ஆண்டுக் காலத்துக்குரிய யூ.எச்.இசட். 1 என்ற உடுமண்டலத்தில் அத்தகைய கருந்துளைக்கான சான்று கிடைத்ததாக 2023-இல் அறிவிக்கப்பட்டது. அதன் எக்ஸ் கதிர்களைப் பதிந்த விண்தொலைகாட்டியோ சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. கருந்துளைகள் வாயுவைச் சூடாக்கித் துரத்துவதாலேயே நீள்வளைய உடுமண்டலங்களிற் பிறப்பு ஓய்கின்றது எனப் பலர் கருதுவதால், அவ்வாய்வு எமது பொருளோடும் நெருங்கியது. பிழையெனக் காட்டப்படும் வாய்ப்பை ஏற்று முன்கூட்டியே எழுதிவைத்தலே இங்குப் போற்றற்குரியது. கண்டபின் 'முன்பே தெரியும்' என்பதற்கு அத்துணிவு வேண்டியதில்லை.

இத்துணைச் சிறு பிழைக்கு இத்துணைச் சினமா எனக் கேட்கலாம். மேடையில் ஒருவர் மிகைபடப் பேசினால் எவருக்கு என்ன நட்டம்? பிறருக்கு இல்லாதிருக்கலாம், திரியாயானுக்கு உண்டு. எங்கள் ஊரிற் பழமை என்பது அலங்காரச் சொல்லன்று. ஒரு குன்றின் தொன்மையைப் பற்றி ஒருவர் கூறும் சொல், அயலிலுள்ள வயலின் எல்லைக்கல்லை நகர்த்த வல்லது. 1980-களில் உயிர் தப்பி ஓடிய என் பாட்டனார் தலைமுறையினரின் காணி, அவர் பிள்ளைகள் மீண்டுவந்து காடு வெட்டித் திருத்திய காணி, யாருடையது என்ற வினா, ஆயிரம் ஆண்டுகளின் முன் அங்கே இருந்தவர் யார் என்ற வினாவோடு முடிச்சிடப்பட்டுள்ளது. செங்கல் கண்ட இடமெல்லாம் தம் பழமை என்பார் ஒரு சாரார். சூலம் கண்ட இடமெல்லாம் தம் பழமை என்பார் மறுசாரார். இருவரும் பார்ப்பது பாறையின் நிறத்தை. அக்கல்வெட்டோ வடமொழியில், தென்னாட்டெழுத்தை ஒத்த எழுத்தில், பௌத்தத் தலத்தைப் பற்றி, வணிகர் குழுவினரைக் குறித்துப் பேசுகின்றது. எழுத்தைப் படித்தவர்க்கு அது எச்சாராரின் முழக்கத்துக்கும் முற்றாக இணங்காது. முன்னர் வந்தவர் யார் என்பதனால் இன்று உழுபவரின் உரிமை கூடுவதோ குறைவதோ இல்லை என்பதும் எனது துணிபு.

'மற்றவர் சான்றின்றிப் பேசும்போது நாம் மட்டும் சான்று தேடினால் தோற்றுவிடுவோம்' என்று நண்பரொருவர் என்னிடம் வாதிட்டார். எண்ணிக்கையிலும் அதிகாரத்திலும் மெலிந்தவனுக்குச் சான்றைத் தவிர வேறு துணை ஏது? சான்றில்லாத பழமையை எம் மேடையில் நாம் அரங்கேற்றுவோமாயின், எம் வயலில் மற்றொருவர் அதனை அரங்கேற்றும்போது எந்த வாயால் மறுப்போம்? ஆயிரங்கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள செம்புள்ளியின் வயதை நிறத்தால் முடிவுசெய்ய ஒப்பியவன், அடுத்த காணியிலுள்ள கருங்கல்லின் வயதையும் நிறத்தால் முடிவுசெய்ய ஒப்பியவனே.

ஆகவே எமது தமிழ்ச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மேடையிலாயினும் இம்மலரிலாயினும் ஒன்றின் பழமையை உரைப்போர், அதனை எவ்வாறு அறிந்தனர் என்பதையும், எதனைக் கண்டால் தம் கூற்றைக் கைவிடுவர் என்பதையும் உடன் உரைத்தல் வேண்டும். கலைப்பீடத்தார்க்கும் விஞ்ஞான பீடத்தார்க்கும் இது பொதுவிதியாகட்டும். அடுத்த முறை அம்மண்டபத்தில் அத்தகைய முழக்கம் எழுமாயின், ஏனையோர் கைதட்டி ஓயும்வரை பொறுத்திருந்து, எழுந்து நின்று யான் கேட்பேன்: ஐயா, அது முதுமையா, தூசா?